பட்டுச் சேலைக்குள் மறைத்த பம்பி

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் வதியும் எமக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு இப்பொழுது பதினான்கு வயது. அவளது இடுப்பில் சீட்டுக்கட்டு அளவிலான கருவி ஒன்று இரவும் பகலும் கொழுவப்பட்டிருக்கின்றது. கடையிலும் கோயிலிலும் எம்மைக் காணும் எம்மவர்கள், "அது என்ன பிள்ளை இடுப்பிலை? போனோ?" என்று கேட்பதுண்டு. "ஓம் மாமி, போன்தான்" என்று சொல்லுமாறு அவளைப் பழக்கி வைத்திருந்தவர்கள் பெற்றோராகிய நாமே. அந்தச் சிறு பொய்யினால் 2024ஆம் ஆண்டின் யூன் மாதத்தில், அவளது சாமத்திய வீட்டன்று, எமது பிள்ளையை இழக்கும் நிலைக்குச் சென்று மீண்டோம். எம்மவர் குடும்பங்கள் வேறு சிலவற்றிலும் இதே கருவி இதே விதமாய் மறைத்து வைக்கப்பட்டிருப்பதை அறிந்தமையால், மகளின் சம்மதத்துடன், அவளது பெயரை மட்டும் தவிர்த்து இதனை எழுதுகின்றோம்.

2021ஆம் ஆண்டு மாசி மாதம். நோய்த்தொற்றின் காரணமாகக் கியூபெக்கில் இரவு எட்டு மணிக்குப் பின் வெளியே செல்லத் தடையிருந்த நாட்கள். ஒன்பது வயதுப் பிள்ளை ஓயாது தண்ணீர் குடித்தாள். குளிர்காலத்தில் தண்ணீர் குடிப்பது நல்லதென்று மகிழ்ந்தோம். இரவில் நான்கு ஐந்து தடவை எழுந்து சிறுநீர் கழித்தாள். குடித்த தண்ணீர்தானே என்று எண்ணினோம். சட்டைகள் தொளதொளத்தபோது, உயரமாக வளர்கின்றாள் என்றோம். ஒரு காலை அவளால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. அன்றுதான், முதலாம் வகை நீரிழிவு என்ற சொற்றொடரை எமது குடும்பம் கேட்டது. இம்மூன்று அறிகுறிகளும் ஒரு பிள்ளையிடம் ஒருங்கே காணப்படுமாயின், அதே நாளில் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிப்பிக்க வேண்டும். அடுத்த வாரம் வரை பொறுத்திருப்பதற்குரிய நோய் இதுவன்று.

"சீனி வருத்தம்" என்பது எம்மவர்க்குப் புதியதன்று. ஐம்பதைக் கடந்தோர் கூடும் எந்த வீட்டிலும் சீனியில்லாத தேநீர் கேட்பவர் இருவராவது இருப்பர். அது இரண்டாம் வகை. அவர்களது உடலில் இன்சுலின் சுரக்கும், ஆயினும் போதிய பயனளிக்காது. முதலாம் வகையில், உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே சதையியிலுள்ள இன்சுலின் சுரக்கும் கலங்களைத் தவறுதலாக அழித்துவிடுகின்றது. பிள்ளை இனிப்பு உண்டதனாலோ, தாய் கவனிக்காமல் விட்டதனாலோ வருவதன்று. பாகற்காய்ச் சாறும் வெந்தயமும் இங்கு இன்சுலினின் இடத்தைப் பிடிக்கமாட்டா. ஊரிலிருந்து அன்போடு அனுப்பப்பட்ட ஒரு மூலிகைப் பொடியுடன், "ஊசியை மெல்ல மெல்ல நிப்பாட்டுங்கோ" என்ற அறிவுரையும் எமக்கு வந்தது. பொடியைக் குப்பையில் போட்டோம். அனுப்பியவரின் மனம் நோகுமே என்று தயங்கிய ஒரு நாளுக்காக இன்றும் வெட்கப்படுகின்றோம்.

இந்நாட்டில் இம்மருந்தைப் பற்றிப் பேசுகையில் ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். இன்சுலின் கனடாவில், ரொறன்ரோவில் பிறந்தது. பன்ரிங்கும் பெஸ்ற்றும் 1921இல் அதனைப் பிரித்தெடுத்தனர். 1922ஆம் ஆண்டு யனவரி 11ஆம் நாள் லெனாட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி ஏற்றப்பட்டது. அம்மருந்து தூய்மை குறைந்திருந்தமையால் உரிய பயன் கிட்டவில்லை. கொலிப் என்பவர் தூய்மைப்படுத்திக் கொடுத்தபின், அதே மாதம் 23ஆம் நாள் ஏற்றப்பட்ட ஊசியே அவனை மீட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட பிள்ளைகள் பட்டினிப் பத்தியத்தில் சிறிது காலம் தாக்குப்பிடித்து மாண்டனர். கண்டுபிடித்தவர்கள் தம் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலர் பெற்றுக்கொண்டு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திற்குக் கொடுத்துவிட்டனர்.

எமது குடும்பத்தில் இந்நோய் இரண்டாவது தடவையாக வந்திருக்கின்றது என்பதைப் பிள்ளையின் அப்பம்மா மட்டுமே அறிந்திருந்தார். அவரது இளைய மகன் யாழ்ப்பாணத்தில் இளமையிலேயே இன்சுலின் ஊசி போட்டவர். 1990இன் பின் மின்சாரம் இல்லை. குளிர்சாதனப் பெட்டி என்ற பேச்சே இல்லை. ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் மருந்துப் போத்தலைப் புதைத்து வைத்திருப்பார்களாம். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது அந்தப் பானை வீட்டிலேயே நின்றுவிட்டது. சில நாட்களில் அவர் இறந்தார். காய்ச்சலில் இறந்தார் என்றே எமக்குச் சொல்லப்பட்டிருந்தது. பேத்தியின் வருத்தத்தை ஒருவருக்கும் சொல்லக்கூடாதென்று அப்பம்மா பிடிவாதம் பிடித்தபோது, அதனைப் பழங்காலத்தவரின் அச்சமென்றே எண்ணினோம். "நாளைக்கு ஒரு கலியாணம் காட்சி எண்டு வந்தால்?" என்று அவர் கேட்டதற்கு எம்மிடமும் மறுமொழி இருக்கவில்லை.

முதல் இரண்டு ஆண்டுகள் ஊசியோடு கழிந்தன. நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் நாளுக்கு ஒரு தடவை. விரைவாக வேலை செய்வது ஒவ்வொரு உணவுக்கும். நாளுக்கு நான்கு ஐந்து குத்து. 2023 வசந்தத்தில் மருத்துவர் இன்சுலின் பம்பியைப் பற்றிக் கூறினார். எமது வீட்டிலிருந்து சேர்புறூக் வீதியில் 105ஆம் இலக்கப் பேரூந்தில் ஏறினால் வொந்தோம் மெற்றோ நிலையம். அதன் அருகே கிளென் வளாகம். மொன்றியல் சிறுவர் மருத்துவமனை 2015ஆம் ஆண்டு மே மாதம் அங்கு இடம் மாறியது எம்போன்ற குடும்பங்களுக்கு எவ்வளவு வசதி என்பதை, மாதத்தில் மூன்று தடவை சென்று வந்த அக்காலத்தில் உணர்ந்தோம். கருவியைக் கையில் தருமுன் பெற்றோரிருவரும் பயிற்சி பெறவேண்டும். மருந்துக்குப் பதிலாக உப்புநீர் நிரப்பிய பம்பியைத் தந்தை தன் வயிற்றில் பொருத்திக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குச் சென்று வந்தார்.

பம்பி செய்யும் வேலையை அப்பம்மாவுக்கு விளக்கவேண்டிய பொறுப்பைப் பிள்ளையே ஏற்றாள். "தோட்டத்துக்கு இறைக்கிற மிசின் மாதிரியோ?" என்று அவர் கேட்டார். நாம் சிரித்தோம், சிரித்திருக்கக்கூடாது. அதைவிடச் சரியான விளக்கத்தை இன்றுவரை நாம் எங்கும் படிக்கவில்லை. பம்பிக்குள் சிறு குழாயொன்றில் இரண்டு மூன்று நாட்களுக்குரிய இன்சுலின் இருக்கின்றது. அது மெல்லிய நெகிழ் குழாய் வழியாக, தோலின் கீழ் செருகப்பட்ட ஊசிமுனையளவு குழலுக்குச் செல்கின்றது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை துளித்துளியாக இடையறாது பாய்வது அடிப்படை அளவு. உணவு வேளையில் கணக்கிட்டுச் சேர்த்துப் பாய்ச்சுவது உணவு அளவு. கிணறு, வாய்க்கால், பாத்தி என்று அப்பம்மா தமக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டு, "அப்ப வாய்க்கால் உடைஞ்சால்?" என்று கேட்டார்.

அக்கேள்வியில்தான் பம்பியின் ஆபத்து முழுவதும் அடங்கியிருக்கின்றது. நீண்ட நேர இன்சுலின் ஊசி போட்டவரின் உடலில், ஒரு குத்துத் தவறினாலும் அடியில் சிறிது ஈரம் இருக்கும். பம்பியில் நிரப்பப்படுவது விரைவு இன்சுலின் மட்டுமே. குழாய் மடிந்தாலோ, செருகி கழன்றாலோ, பம்பியைக் கழற்றி வைத்தாலோ, மூன்று நான்கு மணித்தியாலங்களுக்குள் உடலில் இன்சுலின் ஏறக்குறைய இல்லாதொழியும். உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். கீற்றோன் எனப்படும் அமிலப்பொருள் இரத்தத்தில் சேரும். வாந்தி, வயிற்றுவலி, பெருமூச்சு, பின் மயக்கம். எமக்குப் பயிற்சியளித்த தாதி இதனை மூன்று தடவை சொன்னார். குளிப்பதற்கும் நீந்துவதற்கும் கழற்றலாம், ஒரு மணித்தியாலத்தைக் கடக்கவிடாதீர்கள் என்றார். நாம் கொப்பியில் எழுதிக்கொண்டோம். எழுதிய கொப்பி இன்னும் வீட்டில் இருக்கின்றது.

இக்கருவியின் வரலாறும் நீண்டதே. 1960களில் அமெரிக்காவில் ஆக்கப்பட்ட முதல் மாதிரி முதுகில் சுமக்கும் பையளவு இருந்தது. 1970களின் பிற்பகுதியில் இலண்டன் கைஸ் மருத்துவமனையிலும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலும் சிறிய பம்பிகள் நோயாளரிடம் பரிசோதிக்கப்பட்டன. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரிடம் நடத்தப்பட்ட பேராய்வொன்றின் முடிவு 1993இல் வெளியாகி, இரத்தச் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் பாதிப்புப் பெருமளவு குறையும் என்பதை ஐயமற நிறுவியபின்பே பம்பிக்கு மதிப்பு உயர்ந்தது. இன்றைய பம்பிகள் பல, தோலில் ஒட்டிய உணரி ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அனுப்பும் அளவைக் கொண்டு தாமாகவே கூட்டியும் குறைத்தும் பாய்ச்சுகின்றன. எமது மொன்றியல் நகரிலேயே, மருத்துவ ஆய்வு நிறுவகத்தினர் இன்சுலினோடு குளூக்ககோன் என்ற எதிர்ச் சுரப்பையும் சேர்த்துப் பாய்ச்சும் செயற்கைச் சதையியைப் பரிசோதித்து 2013இல் முடிவுகளை வெளியிட்டனர்.

செலவைப் பற்றிப் பலர் கேட்கின்றார்கள். பம்பியின் விலை பல ஆயிரம் டொலர். மாதந்தோறும் மாற்றவேண்டிய குழாய்களும் செருகிகளும் வேறு. கியூபெக் அரசு 2011இல் பதினெட்டு வயதுக்குட்பட்ட முதலாம் வகை நீரிழிவாளருக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. எமது மகள் அதன் கீழேயே பெற்றாள். ஒன்ராறியோவில் பிள்ளைகளுக்கு 2006இலும் வளர்ந்தோருக்கு 2008இலும் அரச உதவி தொடங்கியது. மொன்றியலிலிருந்து ரொறன்ரோவுக்கும் அங்கிருந்து இங்குமாகக் குடிபெயர்வது எம்மவர் வழக்கம் ஆகையால், மாகாணம் மாறுமுன் இதனை விசாரித்து, கையில் மூன்று மாதப் பொருட்களாவது வைத்துக்கொண்டு புறப்படுவது நன்று.

அகதி விண்ணப்பம் நிலுவையிலுள்ளோர் இன்சுலினைக்கூடக் கேட்க அஞ்சுகின்றனர். அவ்வச்சத்திற்கு ஒரு காரணமும் உண்டு. 2012ஆம் ஆண்டு யூன் 30ஆம் நாள் கூட்டாட்சி அரசு அகதிகளுக்கான இடைக்கால மருத்துவக் காப்புறுதியைக் குறைத்தபோது, விண்ணப்பதாரர் பலருக்கு இன்சுலின் போன்ற மருந்துகளின் செலவும் நின்றுபோனது. கியூபெக் அரசு அவ்வேளை இம்மாகாணத்திலிருந்தோருக்குத் தன் நிதியில் ஈடுசெய்தது. 2014 யூலையில் கூட்டாட்சி நீதிமன்றம் அக்குறைப்பைக் கொடூரமானது என்று கண்டித்தது. 2016 ஏப்ரல் முதலாம் நாள் காப்புறுதி மீட்டளிக்கப்பட்டது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. தெரிந்தவர் சொன்னதை நம்பிப் பேசாதிருக்காமல், மருத்துவமனையின் சமூகசேவையாளரிடம் நேரே கேட்க வேண்டும். நோய்க்கு மருந்து கேட்டதற்காக எவருடைய வழக்கும் கெட்டதாக நாம் அறியோம்.

இனி உணவு. பம்பிக்கு நாம் சொல்லவேண்டியது எத்தனை கிராம் மாப்பொருள் உண்ணப்போகின்றாள் என்பதை. மருத்துவமனையில் தந்த நூலில் பாணும் உருளைக்கிழங்கும் பாஸ்ராவும் இருந்தன. இடியப்பமும் பிட்டும் இல்லை. ஊட்டவியலாளர் நல்லவர், பிட்டு என்பதைப் படம் வரைந்து காட்டச் சொன்னார். இறுதியில் ஒரு தராசு வாங்கி நாமே கணக்கிட்டோம். நூறு கிராம் அரிசி மாவில் ஏறக்குறைய எண்பது கிராம் மாப்பொருள். ஐந்நூறு கிராம் மாவுக்கு நாற்பது இடியப்பம் பிழிந்தால், ஒன்றில் பத்துக் கிராம். எமது மகளுக்குப் பன்னிரண்டு கிராமுக்கு ஓர் அலகு இன்சுலின் என்பது அப்போதைய கணக்கு. ஐந்து இடியப்பத்திற்கு நான்கு அலகுக்குச் சற்று மேல். இக்கணக்கு பிள்ளைக்குப் பிள்ளை, வேளைக்கு வேளை மாறும். சோறு ஒரு கோப்பைக்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து கிராம்; கோப்பையென்பது அளவுக் கோப்பை, அம்மாமாரின் அகப்பையன்று.

தேங்காய்ப்பால் எம்மைப் பெரிதும் ஏமாற்றியது. சொதியிலும் பாற்கறியிலும் உள்ள கொழுப்பு, மாவு செரிப்பதைத் தாமதப்படுத்துகின்றது. பம்பி உடனே முழு அளவையும் பாய்ச்ச, உணவு பின்னால் வந்து சேர்கின்றது. உண்டு ஒரு மணித்தியாலத்தில் சர்க்கரை விழும். நான்கு மணித்தியாலத்தில் ஏறும். கொத்து ரொட்டி இரவுகளில் இருவரும் மாறி மாறி விழித்திருந்தோம். உணவு அளவைப் பிரித்து, ஒரு பகுதியை உடனேயும் மிகுதியை இரண்டு மணித்தியாலத்திலும் பாய்ச்சும் வசதி பம்பியில் உண்டென்பதை நான்கு மாதங்களின் பின்பே அறிந்தோம்.

ஊரோடு தொலைபேசியில் பேசும்போது இன்னொரு குழப்பம். கனடாவில் அளவு நாலு, ஏழு, பத்து என்று வரும். இலங்கையில் நூற்றிருபது, இருநூறு என்று வரும். இங்குள்ள எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் அங்குள்ள எண். "பிள்ளைக்குப் பன்னிரண்டு" என்றதற்கு, "ஐயோ, அவ்வளவு குறைவோ" என்று யாழ்ப்பாணத்திலிருந்த சித்தி அழுத கதையும் உண்டு. பன்னிரண்டென்பது அவரது கணக்கில் இருநூற்றுப் பதினாறு.

பாடசாலையில் ஆசிரியரொருவர் பம்பியைக் கைத்தொலைபேசி என்றெண்ணி மேசையில் வைக்கச் சொன்னார். கியூபெக்கில் 2024 யனவரி முதல் வகுப்பறையில் கைத்தொலைபேசிக்குத் தடை. 2025 இலையுதிர் காலம் தொடக்கம் பாடசாலை வளாகம் முழுவதிலும் தடை. உடல்நலக் காரணத்திற்கு விலக்குண்டு. ஆனால் விலக்கைப் பெற்றோர் முன்கூட்டியே எழுத்தில் பெற்றிருக்க வேண்டும். நாம் பெற்றிருக்கவில்லை. காரணம் வெளிப்படையானது: பாடசாலைக்கும் முழுவதையும் சொல்ல விரும்பவில்லை. பிள்ளை எழுந்து நின்று, வகுப்பு முழுவதன் முன்னிலையிலும் பிரெஞ்சு மொழியில் தன் வருத்தத்தைச் சொன்னாளாம். வீட்டிற்கு வந்து எம்மிடம் ஒன்றும் சொல்லவில்லை. இதனை நாம் அறிந்தது பின்னர், மருத்துவமனைக் கட்டிலருகில்.

குளிர்காலமும் ஒரு பாடம். சுழியத்துக்குக் கீழ் இருபதில், மேலங்கிக்கு வெளியே தொங்கும் குழாயில் மருந்து உறைந்துவிடும். ஆகவே பம்பியும் குழாயும் உடலோடு ஒட்டி உள்ளே இருக்க வேண்டும். பற்றறி தீரும் வேளைக்கென்று மாற்றுப் பற்றறி எப்போதும் சட்டைப்பையில். ஊரில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். அதனை மிதிவண்டிக் குழாய்க்குள் ஒளித்துக் கொண்டுவந்த கதைகளை அப்பம்மா பேத்திக்குச் சொல்வார். இப்போது அதே சிறு பொருள் இவளது உயிரைச் சுமக்கின்றது என்பதில் அவருக்கொரு வியப்பு.

சாமத்திய வீட்டு நாளுக்கு வருவோம். மண்டபம், மேடை, ஒளிப்படக்காரர், ரொறன்ரோவிலிருந்து மூன்று வாகனங்களில் உறவினர். சேலை உடுத்தும்போது பதினொன்றரை மணி. பட்டுச் சேலையின் மடிப்புக்கிடையே பம்பி புடைத்துத் தெரிந்தது. "படத்திலை தெரியும். ஒரு மணித்தியாலந்தானே, கழட்டி வையுங்கோ" என்றார் ஒரு பெரியம்மா. அவருக்கு அது கைத்தொலைபேசி. உண்மையைச் சொல்லியிருந்தால் அவரே தடுத்திருப்பார். நாம் கழற்றினோம். கழற்றிய பம்பியையும் உணரியின் அளவைக் காட்டும் தொலைபேசியையும் கைப்பையில் வைத்து உடை மாற்றும் அறையில் விட்டோம். பூங்காவில் படப்பிடிப்பு ஒரு மணித்தியாலமாய் இருக்கவில்லை. பின்னர் மண்டபம், ஆரத்தி, பலகாரத் தட்டுகள், வாழ்த்த வந்தோரின் வரிசை. இடையில் பிள்ளை பழரசமும் இரண்டு இலட்டும் உண்டாள். உணரியிடமிருந்து செய்தி வரவில்லை என்று பம்பி அந்த அறையில் மணிக்கணக்காய் அலறியிருக்கின்றது. மண்டபத்தில் ஒலிபெருக்கி.

நான்கரை மணியளவில் அவள் வாந்தியெடுத்தாள். வெயில், களைப்பு, இலட்டு என்றோம். படுக்க வைத்து விசிறினோம். மேடைக்கு மீண்டும் எப்போது வருவாள் என்று ஒளிப்படக்காரர் கேட்டபோது, பத்து நிமிடம் என்றோம். இதனை எழுதுவது எமக்கு எளிதாயில்லை. பயிற்சி பெற்ற பெற்றோர் இருவர் அங்கு இருந்தோம்.

அப்பம்மா பேத்தியின் தலைமாட்டில் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது. "பிள்ளையின்ரை வாயை மணந்து பாருங்கோ. பழுத்த பழம் மாதிரி. சின்னவனுக்கும் கடைசியிலை இப்பிடித்தான் மணத்தது" என்றார். அவ்வளவு உறவினரின் மத்தியில், இருபத்தொன்பது ஆண்டுகள் பொத்தி வைத்திருந்ததை அவர் உரக்கச் சொன்னார். "அவளுக்குச் சீனி வருத்தம். அந்த மிசினை எடுத்துக்கொண்டு வாங்கோ. ஆசுப்பத்திரிக்கு ஓடுங்கோ."

கைப்பையைத் திறந்தபோது உள்ளே நனைந்திருந்தது. மருந்து மணம் வீசியது. பிள்ளையின் உடலுக்குள் சென்றிருக்க வேண்டிய இன்சுலின் ஐந்து மணித்தியாலமாகப் பைக்குள் சொட்டியிருந்தது. விரலில் குத்திப் பார்த்ததில் 27.4. கீற்றோன் 3.9, 0.6க்கு மேற்பட்டாலே கவனிக்க வேண்டும், மூன்றைத் தாண்டினால் உடனடி மருத்துவமனை. கிளென் வளாகத்தின் அவசரப் பிரிவில், பட்டுச் சேலையும் தலைநகையுமாய் வந்த பிள்ளையைத் தாதியர் ஒரு கணம் பார்த்துவிட்டு, அடுத்த கணம் வேலையைத் தொடங்கினர். நாளத்தில் உப்புநீர், அதன்பின் இன்சுலின், பொற்றாசியம். மணிக்கு மணி இரத்தப் பரிசோதனை. வேகமாகச் சரிப்படுத்துவதும் மூளைக்கு ஆபத்தென்பதால் மெல்ல மெல்லத்தான் இறக்குவார்களாம். இரண்டு இரவுகள் அங்கிருந்தோம்.

இரண்டாம் நாள் காலை, பாடசாலையில் நிகழ்ந்ததைப் பிள்ளை சொன்னாள். சொல்லிவிட்டு, "அண்டைக்குச் சொன்ன பிறகு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை அம்மா. எல்லாரும் பம்பியைத் தொட்டுப் பாக்கத்தான் கேட்டவை" என்றாள். மண்டபத்திலிருந்த உறவினரும் அவ்வாறே. கழற்றச் சொன்ன பெரியம்மா அழுதுகொண்டு தொலைபேசியில் பேசினார். பேச்சின் முடிவில், ஒன்ராறியோவிலுள்ள தன் பேரனும் பம்பிதான் அணிந்திருக்கின்றான் என்றார். நாம் அதனை அறிந்திருக்கவில்லை. அவனது பம்பி ஒட்டுவகை, குழாயில்லாதது. சட்டைக்குள் முற்றாக மறைந்துவிடும்.

அதன்பின் வீட்டில் சில வழக்கங்கள் மாறின. எவ்விழாவானாலும் பம்பியைக் கழற்றுவதில்லை. சேலை, பாவாடை எதுவாயினும் இடுப்பில் அதே துணியில் ஒரு பை, அப்பம்மாவே தைக்கின்றார். குழாய் வெளிவருவதற்கு ஒரு துளையிட்டு, அதன் ஓரத்தைப் பொத்தான் கண்போல் நூலால் கட்டுகின்றார். எப்பொழுதாவது காரணமின்றி அளவு பதினான்கைத் தாண்டினால், முதலில் கீற்றோன் பார்க்கின்றோம்; கீற்றோன் இருந்தால் பம்பியை நம்பாமல் ஊசியால் இன்சுலின் கொடுத்துவிட்டு, குழாயையும் செருகியையும் புதிதாய் மாற்றுகின்றோம். பழைய ஊசிப் பேனா ஒன்று எப்போதும் பையில் இருக்கின்றது. பெனி பாம் சமூக சுகாதார நிலையம் நடந்துபோகும் தூரத்திலேயே உள்ளது. ஐயமென்றால் 811 என்ற இலக்கத்தில் எந்நேரமும் தாதியொருவரிடம் பேசலாம்.

இரவுகள் இன்னும் முழுமையாய் அமைதியாகவில்லை. அளவு நான்குக்குக் கீழே இறங்கினால் கருவி ஒலிக்கும். பதினைந்து கிராம் சீனி, அதாவது அளவுக் கோப்பையில் மூன்றில் இரண்டு பங்கு பழச்சாறு. பதினைந்து நிமிடம் காத்திருந்து மீண்டும் பார்க்க வேண்டும். பழச்சாறு கொடுக்கும் முறை முன்னர் எமக்கிருந்தது. இப்போது ஒலி கேட்டு நாம் எழுமுன்பே அடுத்த அறையில் விளக்கு எரிகின்றது. எண்பத்திரண்டு வயது. பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. திரையில் வரும் இலக்கத்தை மட்டும் வாசிப்பார். பேத்தி கண்ணை மூடியபடியே குடிப்பாள். கடந்த தையில் ஓர் இரவு, 3.4 என்று வாசித்துக் குடிக்கக் கொடுத்துவிட்டு, பதினைந்து நிமிடமும் கட்டிலின் ஓரத்திலேயே இருந்தார். நாம் கதவருகில் நின்றோம். 5.1 என்று வந்ததும் எழுந்து, இடுப்பிலிருந்து நழுவிக் கிடந்த பம்பியை எடுத்துப் பிள்ளையின் கைக்குள் வைத்துப் போர்வையை இழுத்து மூடிவிட்டுச் சென்று படுத்தார்.